கூட்டமில்லாத ஐரோப்பா: வடக்கு ருமேனியாவில் பத்து இரவுகள், ரயிலிலும் மினி பஸ்ஸிலும்

கேள்வி இதுதான்: இரண்டு பேர், சைவம், பத்து வேலை நாள் விடுப்பு, ஜூன் அல்லது செப்டம்பர். பாரிஸ், வெனிஸ், சுவிட்சர்லாந்து வேண்டாம். பேக்கேஜ் டூரும் வேண்டாம். கார் ஓட்டத் தயக்கம். கூட்டமில்லாத ஐரோப்பாவுக்குச் சொந்தமாகத் திட்டமிட்டுப் போய்வர முடியுமா?

முடியும். பத்து ஊர்ப் பெயர்களைப் பட்டியல் போட்டுக் குழப்புவதைவிட ஒரே பகுதியை முழுதாகச் சொல்வது பயன்படும். என் தேர்வு ருமேனியாவின் வடக்கு விளிம்பு: மேற்கே மாராமுரேஷ், கிழக்கே புகோவினா, நடுவில் கார்பாத்திய மலை. ருமேனியாவுக்கு வரும் கூட்டம் பெரும்பாலும் பிரான் கோட்டை, பிராஷோவ், சினாயா என்று நாட்டின் நடுப்பகுதியிலேயே சுற்றிவிட்டுத் திரும்பிவிடும். வடக்கே எட்டு மரத் தேவாலயங்களும், வெளிச்சுவர் முழுக்க ஓவியம் தீட்டிய எட்டு தேவாலயங்களும் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கின்றன. ஆனாலும் பல நாள் அவற்றின் முன் உங்களைத் தவிர யாரும் இருக்கமாட்டார்கள்.

அழகு குறைவதால் அங்கே கூட்டம் குறையவில்லை. போய்ச் சேருவது கடினம், அதனால்தான். ஆகவே இங்கே "எதைப் பார்ப்பது" என்று தொடங்கித் திட்டம் போடாதீர்கள். "எந்தக் கிழமை எந்த வண்டி ஓடும்" என்பதில் தொடங்குங்கள். கிராமங்களுக்கான மினி பஸ்கள் திங்கள் முதல் வெள்ளி வரை ஓடும், சனிக்கிழமை பாதியாகும், ஞாயிறு பல வழிகளில் ஒன்றுமே இருக்காது. இதைக் கவனிக்காமல் ஞாயிறன்று ஊர் மாற நினைப்பவர்கள்தான் நடுரோட்டில் நிற்கிறார்கள்.

விசாவை முதலில் முடித்துவிடுவோம். ருமேனியா விமான, கடல் வழி எல்லைகளில் 2024 மார்ச் 31 முதலும், தரை எல்லைகளில் 2025 ஜனவரி 1 முதலும், ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போகக்கூடிய ஷெங்கன் பகுதியில் இருக்கிறது. இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கு வழக்கமான ஷெங்கன் விசா வேண்டும். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், கடைசிக் கெடு 15 நாள். எந்த நாட்டில் அதிக இரவுகள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பம் போக வேண்டும். "வேறொரு நாட்டில் எளிதாகக் கிடைக்கும்" என்று அங்கே வாங்கிவிட்டு ருமேனியாவில் முழு நாளும் கழிப்பது வம்பை விலைக்கு வாங்குவது. குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடும் கட்டாயம்.

கிராமப் பயணத்துக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. விசாவுக்கு ஒவ்வொரு இரவுக்கும் தங்குமிடச் சான்று காட்ட வேண்டும். நல்ல கிராம வீடுகள் பலவும் எந்த புக்கிங் தளத்திலும் இருக்காது, போனில்தான் பேச வேண்டும். அப்படிப்பட்ட வீட்டைத் தேர்ந்தால் பெயர், முகவரி, தேதி, தொகை குறித்த மின்னஞ்சல் ஒன்றை அவர்களிடம் கேட்டு வாங்குங்கள். அதுவும் கிடைக்காவிட்டால் ரத்து செய்யக்கூடிய அறையோடு விண்ணப்பிப்பதே பாதுகாப்பு.

விமானத்தில் போய் இறங்கும் இடமும் திரும்ப ஏறும் இடமும் வேறாக இருக்கட்டும். இஸ்தான்புல் அல்லது மியூனிக் வழியாக க்ளூஜ் நகரில் இறங்கி, புக்கரெஸ்டிலிருந்து திரும்பினால் வந்த வழியே மீண்டும் போகும் இரண்டு நாள் மிச்சம். இரண்டு தனி டிக்கெட்டாக எடுக்காமல் "மல்டி சிட்டி" என்று ஒரே டிக்கெட்டாக எடுங்கள். மியூனிக் வழி என்றால் ஷெங்கன் குடிவரவுச் சோதனை அங்கேயே நடக்கும். 2025 அக்டோபர் முதல் கைரேகை, முகப்பதிவு முறை படிப்படியாக வந்திருப்பதால் வரிசை நீளும். அடுத்த விமானத்துக்கு இரண்டு மணி நேரத்துக்கும் மேல் இடைவெளி வையுங்கள்.

கிழமை வாரியாக எலும்புக்கூடு இது. வியாழன் க்ளூஜ். வெள்ளி, பகல் பஸ்ஸில் பாயா மாரே வழியாக மாரா பள்ளத்தாக்கு; அங்கே வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று இரவு. திங்கள் சிகெத் நகரம். செவ்வாய் இசா பள்ளத்தாக்கில் ஒரு கிராமம். புதன் விஷேவு தே சூஸ். வியாழன் காலை அங்கே நீராவி ரயில், மாலை ஓய்வு. வெள்ளியன்று மலையைத் தாண்டி புகோவினா. சனியும் அங்கேயே. ஞாயிறு சுச்சாவாவிலிருந்து பெரிய லைன் ரயிலில் புக்கரெஸ்ட். வடக்கில் பத்து இரவு, புக்கரெஸ்டில் பதினோராவது. பெரிய லைன்கள் ஞாயிறும் ஓடும். கிராமத்தில் ஞாயிறை வைத்ததற்குக் காரணம் பஸ் மட்டும் இல்லை. அன்று காலை ஊரே எம்ப்ராய்டரி சட்டையும் பூப்போட்ட பாவாடையும் அணிந்து தேவாலயத்துக்கு நடக்கும். சுற்றுலாக்காரருக்காகப் போடும் வேஷம் இல்லை அது.

மாரா பள்ளத்தாக்கில் ப்ரெப் கிராமம் பெயர் பெற்றுவிட்டது. ஆனாலும் நடப்பதற்கு அதைவிட நல்ல இடம் குறைவு. குட்டின் மலையின் "சேவல் கொண்டை" என்ற பாறை முகடு, 1,428 மீட்டர், அங்கிருந்து ஒரு நாள் நடை. பாயா மாரே–சிகெத் பஸ் ப்ரெப்புக்குள் நுழையாது. மெயின் ரோட்டில் இறங்கிக்கொண்டால் வீட்டுக்காரர் காரில் வந்து கூட்டிப்போவார், ஆனால் முந்தைய நாளே சொல்லிவைக்க வேண்டும். பெரிய பெட்டியை இழுத்துக்கொண்டு ஆறேழு கிலோமீட்டர் நடப்பது இனிமையான தொடக்கம் இல்லை. அதே ரோட்டில் உள்ள தெசெஷ்ட் மரத் தேவாலயம் எட்டில் ஒன்று.

மரத் தேவாலயங்களில் எல்லோரும் தவறுவது பர்சானாவில். பூந்தோட்டத்துக்கு நடுவே உயரமான கோபுரங்களோடு படங்களில் வருவது பர்சானா மடம். அது 1990களில் தொடங்கிக் கட்டிய புதிய வளாகம். யுனெஸ்கோ பட்டியலில் இருப்பது அதே ஊரின் குன்றின்மேல் உள்ள 18ஆம் நூற்றாண்டுச் சின்னத் தேவாலயம். டூர் பஸ்கள் மடத்தோடு திரும்பிவிடும் என்பதால் குன்று உங்களுடையது. இயெவுத் கிராமத்தின் குன்றுத் தேவாலயத்துக்கு 1364 என்ற ஆண்டு மரபாகச் சொல்லப்படுகிறது. மரவளைய ஆய்வு அதை 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துக்குக் கொண்டுவருகிறது. ஒன்றை மட்டும் பார்க்க நேரம் என்றால் பொயெனிலே இசேய் கிராமத் தேவாலயத்துக்குப் போங்கள். நரக தண்டனைக் காட்சிகளை உள்சுவரில் அத்தனை நுணுக்கமாகத் தீட்டியிருக்கிறார்கள்.

இந்தத் தேவாலயங்கள் பெரும்பாலும் பூட்டிக் கிடக்கும். கதவில் ஒரு போன் எண் ஒட்டியிருக்கும். கூப்பிட்டால் சாவி வைத்திருப்பவர் பக்கத்து வீட்டிலிருந்து வருவார். ஆங்கிலம் வராது, பரவாயில்லை. ஊர்ப் பெயரையும் தேவாலயத்துக்கான ருமேனிய வார்த்தையான "பிசெரிகா" என்பதையும் சொன்னால் போதும். டிக்கெட்டோ காணிக்கையோ பணமாகத்தான் தர வேண்டும். ருமேனியப் பணமான லெய்யில் 5, 10 நோட்டுகள் பையில் எப்போதும் இருக்கட்டும்.

சிகெத்தில் கம்யூனிச ஆட்சியின் அரசியல் சிறை இப்போது நினைவில்லமாக இருக்கிறது. முன்னாள் பிரதமர் யூலியு மானியு 1953இல் இங்கேதான் இறந்தார். ஒரு அரை நாள் கொடுங்கள், அவசரப்பட்டு முடிக்கும் இடம் இல்லை. அங்கிருந்து பதினெட்டு கிலோமீட்டர் அளவில் சபின்ட்சா கிராமத்தின் "மகிழ்ச்சிக் கல்லறை". ஸ்டான் இயோன் பத்ராஷ் என்ற சிற்பி 1935 முதல் நீலம் பூசிய மரச் சிலுவைகளில் இறந்தவரின் வாழ்க்கையைப் படமும் கேலிப் பாட்டுமாகச் செதுக்கத் தொடங்கினார். 1977இல் அவர் இறந்தபின் சீடர் தொடர்ந்தார். இந்தப் பயணத்தில் கூட்டம் பார்க்கப்போவது இங்கேதான்: பஸ்கள் பதினோரு மணியிலிருந்து மூன்று மணிவரை வரும். ஒன்பது மணிக்கு முன் போய்விடுங்கள்.

சிகெத் திசா நதிக்கரை, எதிர்க்கரை உக்ரைன். நகரத்தில் வாழ்க்கை இயல்பாகவே நடக்கிறது. ஆனால் எல்லைப் போலீஸ் ரோட்டிலும் ரயிலிலும் சோதிப்பது வழக்கம். பாஸ்போர்ட் நகல் போதாது, அசலே கையில் இருக்க வேண்டும். ஆற்றோரம் டிரோன் பறக்கவிடாதீர்கள்.

சிகெத்திலிருந்து விஷேவுக்குப் போகும் மினி பஸ்களில் சில இசா பள்ளத்தாக்கு வழியாகவும் சில விஷேவு ஆற்று வழியாகவும் போகும். போர்டில் இரண்டுக்கும் ஒரே ஊர்ப் பெயர். இசா கிராமம் ஒன்றில் தங்கப்போகிறவர் ஏறும் முன் டிரைவரிடம் அந்தக் கிராமத்தின் பெயரைச் சொல்லிக் கேட்டுவிட வேண்டும்.

விஷேவு தே சூஸிலிருந்து வாசெர் பள்ளத்தாக்குக்குள் போகும் "மோகனிட்சா" 760 மில்லிமீட்டர் குறுகிய பாதை ரயில், காட்டு மரம் ஏற்றிவரப் போட்டது. இன்னும் மரம் ஏற்றுகிறது. சுற்றுலா வண்டி பால்டின் நிலையம் வரை இருபது கிலோமீட்டர் சொச்சம் போய்த் திரும்பும். கிட்டத்தட்ட ஒரு பகல் எடுக்கும். காலையில் மட்டுமே கிளம்பும், கோடையில் முன்பதிவு இல்லாமல் இடம் கிடைக்காது. அதற்கு முந்தைய இரவு அந்த ஊரிலேயே தங்குவது அவசியம். நீராவி எஞ்சினின் கரித்தூள் கண்ணில் விழும். முதல் பெட்டியைத் தவிருங்கள்.

இனி இந்த வழியின் கஷ்டமான பகுதி: மாராமுரேஷிலிருந்து புகோவினா. வரைபடத்தில் பார்த்தால் 1,416 மீட்டர் உயர ப்ரிஸ்லோப் கணவாய் வழியாக நேர் ரோடு, மிக அழகான ரோடும்கூட. ஆனால் அதன் மேல் நம்பி ஏறக்கூடிய பஸ் இல்லை. இரண்டு வழிதான். ஒன்று, வீட்டுக்காரர் மூலம் கார் பேசி வாத்ரா தோர்னே வரை போவது; தொகை எவ்வளவு, திரும்பும் பெட்ரோல் சேர்த்தா என்று முந்தைய இரவே பேசி முடியுங்கள். மற்றது ரயில்: விஷேவு தே ஜோஸ் நிலையத்திலிருந்து தெற்கே சால்வா அல்லது பெக்ளான் வரை போய், அங்கே க்ளூஜ்–சுச்சாவா ரயிலுக்கு மாறுவது. மலைக்குள் சுரங்கங்களோடு போகும் சால்வா–விஷேவு பாதை 1949இல் திறக்கப்பட்டது, அதற்காகவே போகலாம். நாளைக்கு ஓரிரு வண்டிதான், ஒரு நாள் முழுக்கப் போய்விடும். எந்த நிலையத்தில் மாறினால் காத்திருப்பு குறைவு என்பது அந்த ஆண்டின் கால அட்டவணையைப் பொறுத்தது.

நிலையப் பெயரைக் கவனியுங்கள். நீராவி ரயில் இருக்கும் ஊர் விஷேவு தே சூஸ், அதாவது மேல் விஷேவு. சாதாரணப் பயணிகள் ரயில் நிற்பது விஷேவு தே ஜோஸ், கீழ் விஷேவு. நடுவே பல கிலோமீட்டர், டாக்சி வேண்டும்.

ருமேனிய ரயிலைப் பற்றிப் பொதுவாக: மலிவு, மெதுவு. க்ளூஜிலிருந்து சுச்சாவாவுக்கு ஏறக்குறைய ஏழு மணி நேரம் ஆகும். அரசு நிறுவனமான சி.எஃப்.ஆர். தளத்தில் டிக்கெட் எடுக்கலாம். "இன்டர்ரெஜியோ" வண்டிகளில் பெட்டி எண்ணும் இருக்கை எண்ணும் வரும், "ரெஜியோ" பாசஞ்சர் வண்டி. தனியார் நிறுவனங்களும் அதே தண்டவாளத்தில் ஓட்டுகின்றன. ஒன்றின் டிக்கெட் மற்றதில் செல்லாது. நம்மூர்ப் பழக்கத்தில் "அடுத்த வண்டியில் போகலாம்" என்று ஏறினால் மறுபடி டிக்கெட் எடுக்க வேண்டிவரும். பல நாட்டு ரயில்களுக்கும் செல்லும் யூரெயில் பாஸ் இந்த வழிக்குத் தண்டச் செலவு. மாறும் இடத்தில் அரை மணிக்குக் குறைவான இடைவெளியை நம்பாதீர்கள். ஒற்றைப் பாதை என்பதால் எதிர் வண்டிக்குக் காத்து நிற்பது சகஜம்.

புகோவினாவில் குரா ஹுமோருலுய் ஊரில் தங்குங்கள், சுச்சாவாவில் அல்ல. க்ளூஜ்–சுச்சாவா ரயில் இங்கே நிற்கும். வொரொனெட்ஸ் மடம் ஐந்து கிலோமீட்டருக்குள் நடந்தே போகலாம், ஹுமோர் மடம் மறுபக்கம் ஆறு கிலோமீட்டர். வொரொனெட்ஸை 1488இல் மாமன்னர் ஸ்டீஃபன் நான்கு மாதத்துக்குள் கட்டி முடித்தார். வெளிச்சுவர் ஓவியங்கள் 1547. மேற்குச் சுவர் முழுவதையும் நிறைக்கும் இறுதித் தீர்ப்புக் காட்சியைக் காலையில் பார்த்தால் நிழலில் இருக்கும். மதியத்துக்குப் பின் வெயில் நேராக விழும்போது ஓவியத்தின் நீல நிறமே வேறு. வடக்குச் சுவர்கள் மங்கியிருப்பதைக் கண்டு ஏமாற வேண்டாம், மழைக்காற்று அடிக்கும் பக்கம் அது. விதிவிலக்கு சுச்செவிட்சா மடம்; தேவதைகள் ஏணியில் ஏற்றிவிட, பாவிகள் சரிந்து விழும் அதன் வடக்குச் சுவர் இன்றும் பளிச்சென்று இருக்கிறது.

மொல்தோவிட்சா, சுச்செவிட்சா மடங்கள் இரண்டும் ஒரே மலையின் இருபுறம். நடுவில் சுமார் 1,100 மீட்டர் உயரக் கணவாய், அங்கும் பஸ் பிரச்சினை. ஊரில் டாக்சி பேசி ஒரே நாளில் இரண்டையும் பார்த்துத் திரும்புவது எளிது. ஒரு நாள் கூடுதலாக இருந்தால் நடந்தே தாண்டலாம். புட்னா மடத்தில் தொடங்கி நாட்டின் தென்மேற்கு வரை 1,400 கிலோமீட்டர் போகும் வியா டிரான்சில்வானிகா நடைபாதையின் ஒரு கட்டம் இந்த இரண்டு ஊர்களையும் இணைக்கிறது. ஆரஞ்சு நிற "டி" குறியைப் பின்தொடர்ந்தால் வழி தவறாது. மடங்களில் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். உள்ளே படம் எடுக்கக் கூடாது, வெளியே எடுக்கத் தனிக் கட்டணம் கேட்கலாம்.

சாப்பாட்டில் சைவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. "தே போஸ்ட்" என்று கேளுங்கள், விரதச் சாப்பாடு என்று பொருள். ஆர்த்தடாக்ஸ் விரத நாட்களில் இறைச்சி, முட்டை, பால் மூன்றும் கிடையாது. புதன், வெள்ளி, ஈஸ்டருக்கு முந்தைய வாரங்கள், ஆகஸ்ட் 1 முதல் 14 வரை, ஜூனில் 29ஆம் தேதிக்கு முன் தொடங்கும் ஒரு விரதம் என்று இந்த நாட்கள் ஏராளம். எல்லா வீட்டுக்கும் தெரிந்த முறை என்பதால் "வெஜிடேரியன்" என்று விளக்குவதைவிட இது தெளிவாகப் போய்ச் சேரும். சோளமாவுக் களியான மமலீகா, கத்தரிக்காய்–குடைமிளகாய்த் தொக்கு மாதிரியான சகுஸ்கா, மேலே வதக்கிய வெங்காயத்தோடு மசித்த பீன்ஸ், அரிசியும் காளானும் திணித்த முட்டைக்கோஸ் சுருள் எல்லாம் இதில் அடக்கம். இடறும் இடங்களும் உண்டு: சில விரத நாட்களில் மீனுக்கு அனுமதி உண்டு, கத்தரிக்காய் சாலட்டில் மயோனைஸ் இருக்கலாம், சாதாரணக் காய்கறி சூப் எலும்புச் சாற்றில் செய்ததாக இருக்கலாம். வந்தவுடன் கையில் திணிக்கும் "ஹொரின்கா" இரட்டை வடிப்புப் பிளம் சாராயம், ஐம்பது சதவீதம் வரை ஏறும். வேண்டாம் என்றால் சிரித்துக்கொண்டு மறுக்கலாம், யாரும் கோபிக்கமாட்டார்கள்.

பணம் லெய், யூரோ இல்லை. ஒரு யூரோ ஏறக்குறைய 5 லெய். விமான நிலையத்திலும் சுற்றுலாத் தெருக்களிலும் நிற்கும் தனியார் ஏ.டி.எம். பக்கம் போகாமல் வங்கி ஏ.டி.எம்.மில் எடுங்கள். திரை "ரூபாயில் கணக்கிடவா" என்று கேட்டால் லெய் என்றே அழுத்துங்கள். மற்றது கணிசமான நஷ்டம். கிராமத்துக்குக் கிளம்பும் முன் மூன்று நாள் செலவுக்கான பணம் கையில் இருக்க வேண்டும். அறை எடுக்கும்போது இரவுச் சாப்பாடும் சேர்த்தே பேசுங்கள், பல கிராமங்களில் ஹோட்டலே கிடையாது.

நடையில் உண்மையான ஆபத்து கரடியைவிட ஆட்டு மந்தை நாய்தான். மந்தையைக் கண்டால் தொலைவிலேயே சுற்றிப் போங்கள். நாய்கள் ஓடி வந்தால் ஓடாதீர்கள், நின்று குரல் கொடுத்து இடையரைக் கூப்பிடுங்கள்; குனிந்து கல் எடுப்பதுபோல் காட்டினாலே பெரும்பாலும் தள்ளி நிற்கும். கடித்தால் சின்னக் காயம் என்று விடாமல் அன்றே மருத்துவமனை. கரடி நடமாட்டம் இருந்தால் அரசின் எச்சரிக்கைச் செய்தி போனுக்கே வரும். எல்லா அவசரத்துக்கும் எண் 112.

கார் எடுக்க மனம் மாறினால்: சர்வதேச ஓட்டுநர் அனுமதியும், ஓட்டுபவர் பெயரிலேயே கிரெடிட் கார்டும் வேண்டும். ரத்தத்தில் ஆல்கஹால் வரம்பு பூஜ்யம். ஒரு மடக்கு ஹொரின்காவும் கணக்கு. விளக்கில்லாத குதிரை வண்டிகள் ரோட்டில் வருவதால் இருட்டியபின் ஓட்ட வேண்டாம்.

தவிர்க்க வேண்டிய தேதி ஒன்று: ஆகஸ்ட் 15. மரியன்னை விழாவுக்கு மோய்செய் மடத்துக்குச் சுற்றுவட்டார ஊர்களெல்லாம் நடந்தே வரும். அந்த வாரம் விஷேவு பக்கம் அறை கிடைப்பது கடினம்.

கடைசி நாள் சுச்சாவா–புக்கரெஸ்ட் ரயில் ஏறக்குறைய ஏழு மணி நேரம். அன்றிரவே விமானம் பிடிக்கலாம் என்று கணக்குப் போடாமல் புக்கரெஸ்டில் ஓர் இரவு தங்கிவிடுங்கள். வடக்கு ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் அறை எடுத்தால் போதும், அங்கிருந்தே விமான நிலையத்துக்கு நேரடி ரயில் இருக்கிறது. அரை மணிக்குள் கொண்டுபோய் விட்டுவிடும்.